பாண்டியன் பணிந்த கை

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், அங்குள்ள கல்வெட்டு ஒன்றில் வருங்காலத்தாரோடு பேசுகிறான். பின்னாளில் இக்கோயிலுக்குப் பழுது வந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரைப் பணிகிறேன் என்கிறான். கட்டிய அரசனே காப்பவரை வணங்குகிறான்! படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

சிதைந்து நின்ற ராஜகோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்தது. கோபுரம் என்றால் ஊர் திரண்டு கொடுக்கும். பரணில் கிடக்கும் ஏட்டுக்கும், கணக்கு நோட்டுக்கும், மங்கிய புகைப்படத்துக்கும் யார் கொடுப்பார்? குற்றாலச் சாரல் நமக்குச் சுகம். ஓலைக்கும் தாளுக்கும் அந்த ஈரம்தான் எமன்.

வழி இல்லாமல் இல்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகம், ஆர்கேடியா அமைப்பின் பணத்தில், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை மின்படமாக்க 2004 முதல் நல்கை தருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதைப் பெற்று, தமிழகத்து வேளாண் ஆவணங்களையும் பழைய ஸ்டுடியோ புகைப்படங்களையும் பதிவு செய்திருக்கிறது. மூலம் நாட்டைவிட்டுப் போகக் கூடாது, படங்களை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பது அந்த நல்கையின் ஏற்பாடு. அதுதான் எனக்குப் பிடித்தது. பூட்டி வைத்துக் காப்பது பாதி வேலைதான்.

தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டைச் சொந்தங்களே, பரண் துடைக்கும்போது பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்ன இருக்கிறது, யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். நல்கை கேட்டு விண்ணப்பிப்பவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.