வலது கவரில் நிற்பவன்

கபடி பார்க்கிறவர்களின் கண் பாடிச் செல்பவன் மீதுதான் இருக்கும். மீன்சுருட்டிப் பக்கத்து ஊர்களில் இரவு வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டங்களில் கைதட்டலும் சீட்டியும் அவனுக்கே. பிடிக்கிறவர்களில் மூலையில் நிற்பவனுக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. என் அக்காள் மகன் நிற்பதோ வலது கவரில், ஓரத்திலிருந்து மூன்றாவது ஆள். மூலைக்காரன் கணுக்காலைக் கவ்விய கணத்தில் குறுக்கே புகுந்து, நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை நெஞ்சால் அடைப்பது இவன் வேலை. அடைத்தால் புள்ளி மூலைக்காரன் பெயரில் ஏறும். அடைக்கத் தவறினால் ஊரே இவன் பெயரைச் சொல்லும்.

அமெரிக்கக் கால்பந்திலும் இப்படி ஒரு வரிசை உண்டு. பந்தைத் தொடாமல், பந்து வைத்திருப்பவனைக் காப்பதற்கென்றே நிற்கிறவர்கள். ஆனால் அங்கே கல்லூரி முடித்து வருபவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, 2013இல் அத்தனை பேரிலும் முதல் ஆளாக அழைக்கப்பட்ட எரிக் ஃபிஷர் அப்படிப்பட்ட காவல்காரர்தான். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு அவர்கள் விலை வைக்கத் தெரிந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

கல்லூரியில் சேர்ந்தபோது பையன் 62 கிலோ. களிமண் தரையில் வளர்ந்த கால்கள். மண்ணில் வழுக்கிச் சென்று பிடிக்கலாம். விரிப்பில் பாதம் அப்படியே ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முழங்கால் தாங்காது. முதல் ஆண்டு முழுவதும் கால் வைக்கப் பழகுவதிலேயே கழிந்தது. ஆடவர் ஆட்டத்தில் எடை 85 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி; இவனுக்கோ எழுபதைத் தொடுவதே தவமாயிற்று. அக்காள் முட்டை அவித்தே ஓய்ந்துபோனாள். எடையைவிடப் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. முன்பெல்லாம் பாடி வருபவன் தோளசைத்தாலே பாய்ந்துவிடுவான், இப்போது காத்திருக்கிறான். முப்பது நொடியில் இருபத்தைந்தைச் சும்மா நின்று கழிப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

புரோ கபடி ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலையே 9 லட்சம் என்பதை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாய் வைத்திருக்கிறார்கள். 2023இல் ஈரானைச் சேர்ந்த ஷாத்லூயி 2.35 கோடிக்குப் போனார். பிடிப்பவருக்கு அவ்வளவா என்று பையன் இரண்டு நாள் தூங்கவில்லை. அவர் மூலைக்காரர், கவர் அல்லர் என்பதை நான் சொல்லவில்லை. 2022இல் தமிழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி கண்டபோது வலது கவரில் நம் எம். அபிஷேக் இருந்தார் என்பதை மட்டும் சொன்னேன். 2024 ஏலப் பட்டியலில் பல்கலைக்கழக விளையாட்டுகளின் இறுதிக்கு வந்த இரு அணியினரும் சேர்க்கப்பட்டதிலிருந்து கல்லூரிப் பையன்களின் கணக்கே மாறிவிட்டது.

அக்காளுக்குக் காவலர் தேர்வுதான் கணக்கு. கபடிக்காரர்களுக்கு அது தெரிந்த வழி. மாதச் சம்பளம், ஓய்வு வயது வரை நிம்மதி. பையன் கேட்பது இரண்டு வருஷம். "இருபத்திரண்டு தாண்டிட்டா புதுப் பசங்க பட்டியல்ல எடுக்க மாட்டாங்க மாமா" என்கிறான்.

"சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பை வாங்கியபோது வயது 41டா" என்றேன். தஞ்சை மாவட்டத்துக்காரர்; வடநாட்டுப் பையன்களும் 'அண்ணா' என்றே அழைத்தார்கள். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பையன் சற்று யோசித்துவிட்டு, "அவர் முப்பத்தொம்பது வயசு வரைக்கும் எதை நம்பி ஆடினாரு மாமா? லீக்கே 2014லதானே வந்துச்சு" என்றான்.

அக்காளிடம் பேச என்னைத்தான் அனுப்பியிருக்கிறான். விண்ணப்பத்தை நிரப்பி அலமாரியில் வைத்திருக்கிறாள். அவன் கையெழுத்து மட்டும் பாக்கி.