பொழுது அடைஞ்ச பிறகு வயலைப் படம் எடுக்கிறது

பிசான நடவு ஒரு வழியா முடிஞ்சுது. இனி களை எடுக்கிற வரைக்கும் சாயங்காலம் கொஞ்சம் கை ஓயும். அந்த நேரத்துல நான் செய்யுற ஒரு காரியத்தைப் பத்தி இன்னைக்கு எழுதுறேன். பொழுது அடைஞ்ச பிறகு வயலைப் போன்ல படம் எடுக்கிறது. பெரிய கேமரா எல்லாம் கிடையாது, சாதாரண ஆண்ட்ராய்டு போன்தான். புதுசா எடுக்க நினைக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல போனோட குணத்தைத் தெரிஞ்சுக்கணும். அதுக்கு இருட்டு பிடிக்காது. இருட்டைக் கண்டா எப்படியாவது பகலாக்கப் பார்க்கும். உள்ள வெளிச்சம் வாங்குற சில்லு நம்ம சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை அது இழுத்துப் பெருக்கும்போது படம் முழுக்க ரவையைத் தூவின மாதிரி புள்ளி புள்ளியா வரும். வானம் வெளிறிப் போகும். அந்தின்னே தெரியாது.

இதுக்கு வழி சுலபம். திரையில வானத்தோட வெளிச்சமான இடத்தைத் தொடுங்க. பக்கத்துல சின்னதா ஒரு சூரியன் வரும். அதைக் கீழ இழுங்க. வானத்து நிறம் நம்ம கண்ணு பாக்குற மாதிரி ஆகுற வரைக்கும் இழுங்க. தரை கறுத்துப் போகுதேன்னு பயப்பட வேண்டாம். அந்தி நேரத்துப் படத்துல பாதி கறுப்பாத்தான் இருக்கணும். ஃபிளாஷை அணைச்சு வைங்க. அது நாலஞ்சு மீட்டர் தாண்டாது, வயலுக்கு எங்க போய்ச் சேரப் போகுது?

அடுத்தது ஆடாம வைக்கிறது. வெளிச்சம் குறைஞ்சா போன் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே இருக்கும். நைட் மோடுன்னா சில செகண்டு ஆகும். அதுக்குள்ள கை அசைஞ்சா எல்லாம் கலங்கிப் போகும். நான் ஒரு சின்னத் துணிப்பையில ரெண்டு படி நெல்லைப் போட்டு வாயைத் தைச்சு வச்சிருக்கேன். வரப்புல அதை வச்சு மேல போனைச் சாய்ச்சா எந்தப் பக்கம் வேணும்னாலும் அமுங்கி நிக்கும். மூணு செகண்டு டைமர் போட்டா விரல் தொடுற அசைவும் இருக்காது. ப்ரோ மோடு இருக்கிற போன்னா ஐஎஸ்ஓ 100, ஷட்டர் அரை செகண்டுன்னு ஆரம்பிச்சு, கூட்டிக் குறைச்சுப் பாருங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி வேட்டி நுனியால லென்ஸைத் துடைச்சிருங்க. நம்ம போன்ல எப்பவும் உரமும் வேர்வையும் ஒட்டித்தான் கிடக்கும்.

நேரம் ரொம்ப முக்கியம். வெளிநாட்டுக்காரங்க வீடியோவுல அந்தி வெளிச்சம் ஒரு மணி நேரம் நிக்கிற மாதிரி பேசுவாங்க. அவங்க ஊர்ல சூரியன் சாய்வா இறங்கும். நமக்குக் கிட்டத்தட்ட நேரா இறங்கிரும். சூரியன் அடைஞ்சு 20, 25 நிமிஷம்தான், அதுக்குள்ள இருட்டிரும். கார்த்திகையில எங்க ஊர்ல 6 மணி சுமாருக்குப் பொழுது அடையும். 5.45க்கே போய் இடத்தைப் பாத்து உக்காந்துக்கணும். முதல்ல செம்மை, அப்புறம் நல்ல நீலம். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆளுகளுக்கு ஒரு வசதி: மேற்க பொதிகை மலை நிக்கிறதால சூரியன் சீக்கிரமே மறைஞ்சிரும், ஆனா வானத்துல வெளிச்சம் அதுக்கப்புறமும் நிக்கும்.

நிலா எடுக்கணும்னா பௌர்ணமி அன்னைக்கு நிக்காதீங்க, முந்தின நாள் போங்க. நிலா ஒரு நாளைக்குச் சுமாரா 50 நிமிஷம் பிந்தி உதிக்கும். முந்தின நாள் அது கிழக்க எழும்பி நிக்கும்போது வயல்ல இன்னும் வெளிச்சம் இருக்கும், ரெண்டும் சேந்து விழும். மறுநாள் போனா சுத்தியும் இருட்டு, நடுவுல வெள்ளைப் பொட்டு மட்டும்தான். அகல் விளக்கு, பம்புசெட் பல்பு எடுக்கிறதுக்கும் இதே கணக்குதான். விளக்கும் வானமும் சம வெளிச்சத்துல நிக்கிறது அஞ்சே நிமிஷம்.

இனி படத்துக்குள்ள எதை எங்க வைக்கிறது. அடிவானத்தை நடுவுல வச்சு படத்தை ரெண்டாப் பிளக்காதீங்க. மேகம் நல்லா இருந்தா வானத்துக்கு ரெண்டு பங்கு, வயல்ல தண்ணி நின்னா வயலுக்கு ரெண்டு பங்கு. வரப்பு படத்தோட மூலையில இருந்து கிளம்பி உள்ள போனா பாக்குற கண்ணும் அது வழியே போகும். பனைக ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து நின்னா கறுப்பா ஒரு புதர்தான் தெரியும். ரெண்டு எட்டு தள்ளி நில்லுங்க, தனித்தனியாப் பிரிஞ்சு வரும். ஆளை எடுக்கும்போது நாம குந்தணும். அப்பத்தான் அவங்க தலையும் தோள்ல உள்ள மம்பட்டியும் மலைக்கு மேல ஏறி வானத்துல தெளிவா நிக்கும்.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, எங்க அம்மாவுக்காக. அவங்களுக்கு 84 வயசு. முட்டு வலியால ரெண்டு வருஷமா வயலுக்கு வரல. தினமும் ராத்திரி என் போனை வாங்கிப் பாப்பாங்க. அழகு இருக்கான்னு எல்லாம் பாக்க மாட்டாங்க. போன வாரம் ஒரு படத்தைக் கண்ணுகிட்ட வச்சுப் பாத்துட்டு, "ஏய்யா, வடகிழக்கு மூலையில தண்ணி ஏறலையே, மேடு தட்டிருக்கு பாரு"ன்னாங்க. மறுநாள் காலையில போய்ப் பாத்தேன். நாலு விரக்கடை மேடு.

பகல்ல வரப்புல நின்னா அது எனக்கே தெரியாது. அந்தியில தண்ணி நிக்கிற இடம் வானத்தை வாங்கிப் பளபளக்கும், தண்ணி ஏறாத மண்ணு கறுத்துக் கிடக்கும். போன் இழுத்து வெளிச்சமாக்கின படத்துல எல்லாம் ஒரே பச்சை. கறுப்பைக் கறுப்பாவே விட்டதாலதான் அம்மாவால மண்ணைப் படிக்க முடிஞ்சுது.

இந்தப் பிசானத்தோட இது எவ்வளவு நாளைக்குன்னு தெரியல. எங்க வயலுக்குத் தெக்க உள்ள 80 சென்ட் வித்தாச்சு, மனைக்கல்லு ஊனிட்டாங்க. வித்தவருக்கு ஆயிரம் கஷ்டம், குத்தம் சொல்ல மாட்டேன். தை கழிஞ்சு ரோடு போட்டு விளக்குக் கம்பம் நடப் போறாங்களாம். ராத்திரி பூரா விளக்கு எரிஞ்சா பூச்சி வந்து அடையும். சில நெல் ரகம் விளக்கடியில கதிர் வாங்கப் பிந்தும். இந்த நீல நேரமும் அதோட சரி.

கல்யாணம் ஆகி வந்த வருஷத்துல இருந்து அம்மா நாத்து நட்ட வயல் அது. "தெக்கயும் ஒண்ணு எடுத்துட்டு வாய்யா"ன்னு கேட்டாங்க. முந்தாநாள் எடுத்தேன். கரண்டு கம்பியை எப்பவும் படத்துக்கு வெளிய ஒதுக்கிருவேன், ஆனா அந்தக் கல்லுகளை ஒதுக்கல. மங்கின வெளிச்சத்துலயும் வெள்ளை வெள்ளையா வரிசையாத் தெரியுது. அம்மா ஒவ்வொரு கல்லா விரல் வச்சு எண்ணுனாங்க. பதினொண்ணு. ஒண்ணும் சொல்லல. அந்தப் படத்தை அழிக்காதன்னு மட்டும் சொன்னாங்க.

உங்க ஊர்லயும் இருட்டு மிச்சம் இருக்கிற இடம் ஏதாவது இருக்கும். இந்த மார்கழிக்குள்ள போய் எடுத்து வைங்க. வரப்புல உக்காருறதுக்கு முன்னாடி டார்ச்சு அடிச்சுப் பாத்துக்கிடுங்க, பூச்சி பொட்டு கிடக்கும். நாளைக்கு எனக்கு முறைத்தண்ணி. வாரேன்.