ஒரு பரல் நல்ல தண்ணீர்

கடற்றொழிலாளர் பற்றி எத்தனையோ செய்திகளை எழுதியிருக்கிறேன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்ந்தபோது அவர்கள் பட்ட பாட்டையும் எழுதினேன். ஆனால், கரைக்கு வந்ததும் அவர்கள் இயந்திரத்துக்கு வார்க்கும் நல்ல தண்ணீரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதில்லை. அதன் பெறுமதியை எனக்கு உணர்த்தியது நான் இழைத்த தவறொன்றுதான்.

நெடுந்தீவில் என் அத்தானிடம் 15 குதிரைவலு இயந்திரம் பூட்டிய படகொன்று உண்டு. கடலால் வந்ததும் இயந்திரத்தைக் கழற்றி, அதன் கீழ்ப்பகுதியைத் தண்ணீர்ப் பரலுக்குள் இறக்கி, கியரில் போடாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடுவார். கடல் நீரை உறிஞ்சியே இவ்வகை இயந்திரம் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஓட்டம் நின்றதும் உள்ளே எஞ்சும் நீர் வற்ற, நீர்வழிகளில் உப்புப் படிகிறது. அதைக் கரைத்து வெளியேற்றவே இந்தக் குளிப்பாட்டல்.

அத்தீவின் கிணறுகளிற் பெரும்பாலானவை உவர்நீர்க் கிணறுகள். நல்ல தண்ணீரை அக்கா தொலைவிலிருந்து சுமந்து வருவார். ஒருநாள் மாலை அதைக் கண்டு மனம் பொறாமல், "குடிக்கவே தண்ணி இல்லாத இடத்திலை எஞ்சினுக்கு ஒரு பரலோ? இண்டைக்கு மட்டும் விடுங்கோ அத்தான்" என்றேன். விருந்தாளியின் சொல்லை அவர் தட்டவில்லை.

மறுநாள் கடல் கொந்தளித்தது. இரண்டு வாரங்கள் படகு கரையிலேயே கிடந்தது. பின்னர் தொழிலுக்குப் போன அன்று, இயந்திரத்தின் பக்கத்துத் துவாரத்தால் பீறிட வேண்டிய நீர், நடுக்கடலில் நூலாக மெலிந்து நின்றுபோனது. அத்தான் அதைக் கவனித்து உடனே ஓட்டத்தை நிறுத்தியதால் இயந்திரம் இறுகாமல் தப்பியது. மாலைவரை அலைகளில் மிதந்தவரை வேறொரு படகு கட்டியிழுத்து வந்தது. அக்கா அதுவரை கரையிலேயே நின்றாராம்.

தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன்.

"வீட்டிலை தண்ணி முடிஞ்சால் அயலிலை வாங்கலாம் தம்பி. கடலுக்குள்ளை எஞ்சின் நிண்டால் ஆரிட்டைப் போறது?" என்றார்.

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் அங்கு போகும் நாட்களில் பரலுக்குத் தண்ணீர் சுமப்பது என் வேலை. அக்காவை வாளியைத் தொட விடுவதில்லை.