பின்னாலிருந்து வரும் சத்தம்

மகன் படுக்கையறையில் ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூபரும் பொருத்தினான். முன்னால் மூன்று, கட்டிலின் இருபக்கமும் சற்றுப் பின்னால் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே இரைச்சலை மாறிமாறி ஒலிக்கவிட்டு, தலையணையருகே எல்லாம் சமமாகக் கேட்கும்படி திருத்தினான். தூரத்தையும் மீற்றரில் அளந்து பதிந்தான். அப்போதுதான் எல்லா ஒலியும் ஒன்றாக வந்துசேருமாம்.

படத்தில் வெடியோசை பின்னாலிருந்து வந்ததும் என் உடல் நடுங்கியது. யுத்தம் 2009 இல் முடிந்தது; என் காதுக்கு இன்னும் முடியவில்லை.

றிமோட்டை வாங்கிப் பின்பக்க ஒலியை நானே குறைத்தேன். மூலையில் அதிர்வு பெருகும் என்பதால் சப்வூபரைத் தள்ளி வைக்கச் சொன்னேன். “அளவு பிழைக்குமே அம்மா” என்றான். “எனக்கு இதுதான் சரியான அளவு” என்றேன்.

சகோதரிகளே, எம் வீட்டில் எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கவேண்டும் என்று சொல்ல எமக்கும் உரிமையுண்டு.