மல்லாரிக்குப் பிறகு

எஹலியகொட டவுனைத் தாண்டி இறப்பர் மலைக்குள் ஏறும் தோட்டப் பாதை அது. நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நான்கு மணி. அம்மன் தேர் புறப்பட இரண்டு மணித்தியாலம் இருந்தது. லயத்து இஸ்தோப்பில் மேளக்காரர் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று.

எதை எதை வாசிப்பது என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். நாதஸ்வரக்காரப் பெரியவர் கையில் இருந்ததோ சீவாளி. நூலில் தொங்கிய நாலைந்தில் ஒன்றை எடுத்து, நாக்கில் நனைத்து, இரண்டு விரலால் மெல்ல அமுக்கி, தனியாக ஊதிப் பார்த்தார். கீச்சென்றது. விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். நாணலில் செய்த சின்னத் துண்டுதான். ஈரமும் காய்ச்சலும் அதன் பேச்சையே மாற்றிவிடும். சப்ரகமுவ மழையோ கேட்டுக்கொண்டு வருவதில்லை.

“இது நல்லாப் பேசுனா தோடி எடுக்கலாம் தம்பி. பேசலைன்னா சின்ன ராகமாப் பாத்துக்கணும்.”

சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை. சாகித்தியம் இல்லாத அந்த உருப்படி கம்பீர நாட்டையில் எழும்பியதும் லயத்துப் பிள்ளைகள் கூட வாயை மூடிக்கொண்டார்கள். சங்கடம் அதற்குப் பிறகுதான். டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) மணிக்கணக்கில் தோடி வாசித்ததைப் பற்றி நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். தஞ்சைக் கோயில் வீதி அகலம். சாமி நிற்கும், மேளமும் நின்று வாசிக்கும். இந்தப் பாதையில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கான்.

ஐரோப்பாவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் என்று ஐந்து காற்று வாத்தியங்கள் கூடி வாசிக்கும் குழுக்கள் உண்டு. இசையமைப்பாளர் அந்தோன் ரைக்கா அவர்களுக்கென்றே 24 படைப்புகளை எழுதி வைத்துப் போனார். அவர்கள் ஏட்டைப் புரட்டித் தெரிவு செய்து, உட்கார்ந்து வாசிக்கலாம். இவர்கள் ஏற்றத்தில் நடந்துகொண்டே தெரிவு செய்ய வேண்டும்.

அந்தத் தெரிவை அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏற்றம் வந்ததும் பெரியவர் குழலை இறக்கிவிட்டுத் துணைக்காரரைப் பார்த்தார். அவர் காவடிச்சிந்து மெட்டை எடுத்தார். அடி அடியாக வெட்டி வரும் மெட்டு. இரண்டு பேரும் மாறி மாறி மூச்சு வாங்கிக்கொள்ளலாம், தேர் இழுப்பவர்களின் காலுக்கும் தோதாக இருக்கும். சமதரை வந்த பிறகே சண்முகப்பிரியாவை விரித்தார். கடைசி லயத்து வாசலில் ஒரு பாட்டி, “மகுடி வாசிங்க ஐயா” என்றார். மழை தூறத் தொடங்கியிருந்தது, சுருக்கமாக முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. புன்னாகவராளியை இழுத்து, குழைத்து, பாட்டி கும்பிட்ட கையை இறக்கும்வரை வாசித்தார். தோடியை விட்டுவிட்டாரே என்ற குறை எனக்கு அந்த இடத்தில் போனது.

காமன் கூத்து ஆடும் பொட்டலில் தப்புக்காரர்கள் காத்திருந்தார்கள். பெரியவர் கை காட்டியதும் தவில் இரண்டும் ஓய்ந்தன. அந்த மண்ணுக்குத் தப்புதான் மூத்தது என்று அவருக்குத் தெரியும். சாமி வந்தவர்கள் ஆடி அடங்கும்வரை ஐவரும் ஓரமாக நின்றார்கள். அந்த மௌனத்தையும் அன்றைய தெரிவில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

சாமியை இருப்பில் வைத்து நீலாம்பரி வாசித்து முடித்த பிறகு, கீழ்க்கிராமத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர் இஸ்தோப்புக்கு வந்தார். விகாரையில் ஹொரணாவ ஊதுகிறவராம். அதுவும் சீவாளி வாத்தியம்தான். ஆனால் ஓலையில் செய்வது. மடியிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினார். நம்மவர் தன் நூலை நீட்டினார். இருவரும் ஒருவர் சீவாளியை மற்றவர் லாந்தர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“காலையில மஞ்சள் நீருக்கு என்னங்க ஐயா?” என்றேன்.

“விடியுமுன்ன பூபாளம்,” என்றவர், மகுடி வாசித்த சீவாளியைத் துடைத்துத் தனியாக வைத்தார். “இது நனைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் என்னன்னு, காலையில அடுத்தது பேசுறதைக் கேட்டுத்தான்.”