மூச்சு வாங்கவில்லை, ஆனாலும்...

2021 மே. வளைகாப்பு முடிந்து பெரம்பலூரிலிருந்து அரியலூரில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள் அவள். நான்கு நாள் காய்ச்சல். கொரோனா உறுதியானது.

"மூச்செல்லாம் வாங்கலக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். கிராம செவிலியர் அவள் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். 93.

"ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னும் ஒட்டிக்குமே..." அம்மா தயங்கினார்.

"வயித்துல புள்ள இருக்குல்ல? 95-க்குக் கீழ இறங்கினா வீட்டுல வெச்சுக்கக் கூடாதும்மா."

கர்ப்பிணிக்கு ஆக்ஸிஜன் தேவை சுமார் 20 சதவிகிதம் அதிகம். வைரஸ் நுரையீரலைத் தாக்கினால், ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறுவது குறையும். சிலருக்கு மூச்சுத்திணறலே தெரியாது.

அவளுக்கு ஹீமோகுளோபினும் 9-தான். 11-க்குக் கீழே என்றாலே ரத்தசோகை. இதை ஆக்ஸிமீட்டர் காட்டாது. பஸ்ஸில் எத்தனை சீட் நிரம்பியிருக்கிறது என்றுதான் அது சொல்லும். எத்தனை பஸ் ஓடுகிறது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அவளுக்கு இரண்டுமே குறைவு.

அன்றே 108-ல் ஏற்றினார்கள். ஒரு வாரம் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கொரோனா தடுப்பூசி போட மத்திய அரசு அனுமதித்தது, அதன் பிறகு, ஜூலை 2-ம் தேதி.

'ஆடியில பொறக்குதே' என்று கவலைப்பட்ட பாட்டி, பேத்தியின் அழுகைச் சத்தம் கேட்டதும் ஆடியை மறந்துபோனார்.