செராத்திங்கில் சொன்ன எடை

வானொலியில் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. நம் எடை யாருக்கும் தெரியாது. காலையில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து "இனிய காலை வணக்கம்" சொன்னால் போதும். காரில் கேட்பவரும் சமையலறையில் கேட்பவரும் அவரவர் விருப்பப்படி ஓர் உருவத்தை மனத்தில் வரைந்துகொள்வார்கள்.

கிள்ளானில் ஒரு தீபாவளிச் சந்தையில் நேரடி நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தபோது ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதானா தம்பி அது? குரலக் கேட்டா ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். சொல்லிவிட்டு, அன்போடு ஒரு முறுக்குப் பொட்டலத்தையும் கையில் திணித்தார்.

முறுக்கைச் சாப்பிட்டுவிட்டேன். வார்த்தை மட்டும் செரிக்கவில்லை. அதற்குப் பிறகு யாராவது என் எடையைக் கேட்டால் 95 கிலோ என்று சொல்லத் தொடங்கினேன். உண்மையில் 108. யாருக்கும் நட்டமில்லாத பொய் என்றுதான் நினைத்திருந்தேன், போன டிசம்பரில் செராத்திங் போகும்வரை.

கோலாலம்பூரிலிருந்து செராத்திங் போக, வழியில் நிற்காவிட்டால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். காராக் நெடுஞ்சாலையில் மலை ஏறி இறங்கி, கிழக்குக் கரை நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். தெமெர்லோவில் பாத்தின் மீன் தெம்போயாக் சாப்பிடாமல் போகக் கூடாது என்பது என் மனைவியின் சட்டம். ஜாபோரில் இறங்கி, கெபெங் தொழிற்பேட்டையைத் தாண்டி வடக்கே திரும்பினால் தென்னை மரங்களுக்கு இடையே கடல் தெரிய ஆரம்பிக்கும். குவாந்தானுக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் போனால் திரெங்கானு எல்லை, கெமாமான்.

ஆண்டின் பெரும்பகுதி செராத்திங் ஓர் அமைதியான கம்பம். பாத்தேக் கடைகள், ஆமைக் காப்பகம், இரவில் ஆற்றில் படகேறி மின்மினி பார்ப்பது, அவ்வளவுதான். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் ஊர் மாறிவிடும். தென்சீனக் கடல் முழுவதையும் கடந்து வரும் காற்று அலைகளைத் தள்ளிக்கொண்டு வரும். மார்ச் வரை இதுதான் மலேசிய அலைச்சறுக்குக்காரர்களின் பருவம். மற்றவர்கள் மழைக்குப் பயந்து கிழக்குக் கரையை விட்டு ஓடும் நேரத்தில், இவர்கள் கார் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு கிழக்கே போகிறார்கள்.

நான் செய்வது கொஞ்சம் வேறு மாதிரி. பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளாமல், எழுந்து நின்று நீளமான துடுப்பால் தள்ளுவது. 1960களிலேயே ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில் சிலர் இப்படி நின்றபடி துடுப்பிட்டிருக்கிறார்கள். 2000க்குப் பிறகு லெயர்ட் ஹேமில்டன் போன்ற அலைவீரர்களால் இது உலகமெங்கும் பரவியது. கனத்த உடம்புக்காரர்களுக்கு இது ஒரு வரம். படுத்த நிலையிலிருந்து ஒரே துள்ளலில் எழுந்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலிலேயே நிதானமாக எழுந்து நின்றுகொள்ளலாம்.

என் பலகை 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 178 லிட்டர். போர்ட்டிக்சனில் இரண்டு ஆண்டுகள் அதன்மேல் நின்று பழகினேன். மலாக்கா நீரிணை பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும். அங்கே அது ஒரு தேர். செராத்திங் அலையில் அதே பலகை லாரி ஆகிவிட்டது. இங்கே ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி குறைவு. அலையின் முகம் செங்குத்தாக எழும்பும்போது நீளமான பலகையின் மூக்கு தண்ணீரில் குத்திக்கொள்கிறது. திருப்பினால் லேசில் திரும்புவதில்லை. நுரையைத் தாண்டி வெளியே கொண்டுபோவதற்குள் தோள் விட்டுப்போகிறது. அதோடு, எங்கள் அடுக்குமாடி லிஃப்ட்டில் அது நுழையாது. பதினோரு மாடியும் படியில்தான்.

ஆக, சின்னப் பலகை வேண்டும். என் மச்சான், மனைவியின் தம்பி, 64 கிலோ. ஏழரை அடிப் பலகையில் அலையின் முகத்தில் கோலம் போடுகிறான். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கடற்கரையோரம் பலகை வாடகைக்கு விடும் ஒரு கொட்டகை. அதை நடத்தும் அபாங்குக்கு ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் பெயர், எடை, எந்தப் பலகை என்று எழுதி வைத்துக்கொள்கிறார்.

"பெராப்பா கிலோ?"

மனைவி பக்கத்தில் நிற்கிறாள். மச்சான் நிற்கிறான். அலைக்குக் காத்திருக்கும் இரண்டு இளைஞர்களும் நிற்கிறார்கள்.

"95."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் கைகாட்டிய பலகை 8 அடி 3 அங்குலம், 29 அங்குல அகலம், 112 லிட்டர். "95னா நிக்கலாம். ஆனா கஷ்டம்," என்று மலாயில் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலிட்டபோதே சந்தேகம் வந்தது. எழுந்து நின்றதும் பலகை நிதானமாக, மரியாதையாக, கீழே போனது. முதலில் பாதம் நனைந்தது, பிறகு கணுக்கால், அப்புறம் கெண்டைக்கால். அங்கே நின்றது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் தண்ணீர்மேல் நிற்பதுபோல் தெரிந்திருக்கும். வேகமாகத் துடுப்பிட்டால் கொஞ்சம் மேலே வருகிறது. நிறுத்தினால் மறுபடி இறங்குகிறது. அலை வந்து தள்ளியது. விழுந்தேன். ஏறினேன். மறுபடி விழுந்தேன்.

ஐந்தாவது முறை விழுந்தபோது அலைகள் உடையும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஓர் அலை தலைக்குமேல் உடைந்து நுரை அடங்குவதற்குள் அடுத்தது. கணுக்காலில் கட்டிய கயிறு பலகையோடு சேர்த்து என்னையும் கரைப்பக்கம் இழுத்தது. நேராகப் பின்னால், நுரையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி. பலகை அவளைத் தாண்டிப் போனபோது இடையில் இரண்டு முழம்கூட இல்லை. அவள் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். எனக்கு வயிறு கலங்கியது.

அதற்குள் அபாங் ஓடி வந்து பலகையைப் பிடித்துவிட்டார். திட்டவில்லை. கொட்டகைக்கு வந்து, ஒரு குவளை தே ஓ கொடுத்து உட்கார வைத்தார். நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"இப்ப சொல்லுங்க. பெராப்பா?"

"108," என்றேன். மச்சான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நாகரிகத்துக்கு அவனுக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அபாங் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பெரிய கணக்கு ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோ. அப்படியென்றால் 112 லிட்டர் பலகை முழுவதும் மூழ்கும்போது சுமார் 115 கிலோவைத் தாங்கும். இதில் என் எடையோடு பலகையின் எடையும் சேரும். அது 8 கிலோ. நனைந்த உடை, கயிறு, துடுப்பு எல்லாம் சேர்த்து 3 கிலோ. நான் சொன்ன 95 உண்மையாக இருந்திருந்தால் மொத்தம் 106, ஒன்பது கிலோ மிச்சம். கஷ்டப்பட்டாலும் நின்றிருக்கலாம். உண்மையான கணக்கு 119. நாலு கிலோ கூடுதல். அந்த நாலு கிலோவைத் தாங்கத்தான் என் கெண்டைக்கால் தண்ணீருக்குள் போனது.

அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்த "நிக்கலாம்" சரியானதுதான். நான் கொடுத்த எண்தான் தப்பு.

அன்று மாலையும் மறுநாளும் அவரிடம் கேட்டதையும், பிறகு நானே தண்ணீரில் விழுந்து விழுந்து உணர்ந்ததையும் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல உடம்புக்காரர்கள் யாருக்காவது உதவும்.

பலகையை வாங்கும்போது எல்லோரும் நீளத்தைப் பார்க்கிறோம். கனமானவர் முதலில் பார்க்க வேண்டியது லிட்டர், அடுத்தது அகலம். நீளம் மூன்றாவது. நீளம் வேகத்தையும் அலையைப் பிடிக்கும் எளிமையையும் தருகிறது. அதைக் குறைத்தால் திருப்புவது சுலபமாகும். பக்கவாட்டில் கவிழாமல் காப்பது முக்கியமாக அகலம். அதனால் நீளத்தைக் குறைக்கலாம், அகலத்தில் கைவைக்கக் கூடாது. என் தவறு, மூன்றையும் ஒரே நாளில் குறைத்தது.

லிட்டர் ஒன்றாக இருந்தாலும் எல்லாப் பலகையும் ஒன்றல்ல. மூக்கும் வாலும் கூராகக் குறுகியிருந்தால் நாம் நிற்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. மூக்கு கொஞ்சம் மழுங்கி, வால் அகன்று, விளிம்பு தடித்து இருக்கும் பலகை, நீளம் குறைந்தாலும் நம்மைத் தாங்கும். காற்றடைக்கும் பலகைகளில் லிட்டர் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை தடிமனாக, தண்ணீருக்கு மேலே உயர்ந்து மிதப்பவை. ஏரிக்கு நல்லது. அலையில் விளிம்பைச் சாய்த்துத் திருப்பச் சிரமம்.

படிப்படியாகவே இறங்க வேண்டும். அபாங் எனக்குச் சொன்ன வழி இது. 178 லிட்டரிலிருந்து முதலில் 160க்கு வா. 9 அடி 8 அங்குலம், அகலம் 33. இதில் எனக்கு நாற்பது கிலோவுக்குமேல் மிச்சம் இருக்கும். அதில் சலிப்பு வரும்வரை நில். பிறகு 140. 8 அடி 10 அங்குலம், அகலம் 32. மிச்சம் 23 கிலோ. அதற்குக் கீழே போக அவசரமில்லை. காற்று கிளறிவிடும் பருவக்காற்றுக் கடலில் அந்த மிச்சம்தான் நமக்கு இருக்கும் நேரம். தடுமாறினால் சமாளிக்கக் கிடைக்கும் அரை நொடி அது.

நிற்கும் முறையும் மாற வேண்டும். ஏரியில் இரண்டு காலையும் இணையாக வைத்து நிற்போம். அலையில் ஒரு காலை அரை அடி முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து, முழங்காலை மடக்கி நின்றால் நான்கு பக்கத் தள்ளலையும் தாங்கலாம். துடுப்பு எப்போதும் தண்ணீரில் இருக்கட்டும். அது மூன்றாவது கால். புதுப் பலகையைச் சோதிப்பது காலையில்தான், காற்று ஏறுவதற்கு முன். பக்கத்தில் நீந்துபவர்கள் இல்லாத இடத்தில். இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை எழுதுவேன்: நீந்துபவர்கள் இல்லாத இடத்தில்.

பருவக்காற்று விளையாட்டுப் பொருளும் அல்ல. வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் கடைத்தெருவுக்குப் போங்கள். கெமாமானில் கெரோப்போக் லெக்கோரும் காப்பியும் காத்திருக்கும்.

பிப்ரவரியில் மறுபடி போனோம். இடையில் ஏழெட்டு வார இறுதிகள் போர்ட்டிக்சனில் 160 லிட்டரில் நின்று, கால்களை மாற்றி வைத்துப் பழகியிருந்தேன். டிசம்பர் மழை அடங்கி, அலை தோளளவுக்குக் கீழே ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. விரிகுடாவின் முனையில், பாறைகளைச் சுற்றி வளைந்து இடப்பக்கமாக நீளமாக உடையும் அலைதான் செராத்திங்கின் பெருமை. அதன் ஓரத்தில், கூட்டத்துக்கு வெளியே, 140 லிட்டரில் நின்றேன். பாதத்தில் தண்ணீர் பட்டது. அதற்குமேல் ஏறவில்லை.

காலை முழுவதும் எண்ணிப் பார்த்தால் பதினேழு முறை விழுந்தேன், நான்கு அலை பிடித்தேன். நான்காவதில் பின்காலை அழுத்தியதும் பலகை, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி, இடப்பக்கம் திரும்பியது. மூன்று விநாடி இருக்கும். கரையில் மனைவி கைதட்டினாளா, கொசு அடித்தாளா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது.

அந்தப் பலகையைப் போலவே ஒன்றைப் பழையதாகத் தேடி வாங்கிவிட்டேன். சாய்த்து வைத்தால் லிஃப்ட்டில் நுழைகிறது. என் எடை இன்னும் 106க்குக் கீழே இறங்கவில்லை. சர்க்கரை அளவைக் கவனிக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அங்கேயும் இப்போது உண்மையான எண்ணைத்தான் சொல்கிறேன். பெரிய பலகையில் நின்றபோது வராத இடுப்பு வலி சின்னப் பலகையில் வருகிறது, அது நல்ல வலி என்கிறான் மச்சான்.

கிளம்பும்போது வாடகையைக் கொடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அபாங் நோட்டு திறந்திருந்தது. டிசம்பர் பக்கத்தில் என் பெயருக்கு நேராக 95ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 108 என்று எழுதியிருந்தார். பிப்ரவரிப் பக்கத்தில் ஒரே எண்தான், அடித்தல் திருத்தல் இல்லாமல். எனக்குப் பின்னால் இருபது வயது இளைஞன் ஒருவன் வரிசையில் நின்றான், நல்ல வாட்டசாட்டமான உடம்பு. "பெராப்பா கிலோ?" என்று அபாங் கேட்டதும் அவன் திரும்பித் தன் நண்பர்களைப் பார்த்தான்.

நான் சற்றுச் சத்தமாகவே, வானொலிக் குரலில், "எனக்கு 106 தம்பி" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, "112," என்றான்.